மார்கழிக் கணக்கும் தைந் நம்பிக்கையும்

(தமிழ் மன்றமொன்றன் ஆண்டிறுதிக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

    

தமிழர்க்கு ஆண்டின் முதல் மாதம் தை. இறுதி மாதம் மார்கழி. இதனைத் தமிழறிஞர் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகின்றனர். 2008ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு எனச் சட்டம் இயற்றிற்று. 2011இல் அடுத்து வந்த ஆட்சி அச்சட்டத்தை நீக்கிற்று. சட்டம் வரலாம், போகலாம். விளைந்த நெல் வீடு வந்து சேரும் நாளே புத்தாண்டு என்னும் உழவன் உணர்வை எச்சட்டமும் நீக்குதற்கில்லை. திருவள்ளுவராண்டு 2056 நிறைவெய்தி 2057 பிறக்கும் வாயில் இது. வணிகன் இந்நாளில் வரவு செலவு பார்க்கின்றான். உழவன் களத்து மேட்டில் நின்று கண்டுமுதல் பார்க்கின்றான். இசைவிரும்பும் தமிழிளைஞர் ஒருவர் இந்நாளில் தம் கணக்கைப் பார்ப்பாராயின், அவர் ஏட்டில் வரவு யாது? இழப்பு யாது? வருமாண்டில் அவர் எதிர்நோக்குவது யாது? இம்மூன்று வினாவுமே இப்பொழிவின் பொருளாம்.

இளைஞரும் அவர் ஏடும்

அவ்விளைஞர்க்கு அகவை இருபத்துமூன்று என வைத்துக்கொள்வோம். காவிரிப் படுகையில் ஒரு சிற்றூரிற் பிறந்தவர். பணியின் பொருட்டுச் சென்னைக்கு வந்தவர். கையொப்பத்தைத் தமிழில் இடுபவர். பேச்சிற் பிறமொழிச்சொல் விரவாவண்ணம் முயல்பவர். இயக்க இதழ்களைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவர். அவர்க்கு மற்றொரு பற்றும் உண்டு, அஃது இசைப்பற்று. மார்கழியிற் சென்னை மன்றங்களில் காலையிலும் நண்பகலிலும் நிகழும் இளங்கலைஞர் இசையரங்குகள் பலவற்றுக்குக் கட்டணம் இல்லை. விடுமுறை நாள்களில் அவர் அங்குச் சென்று பின்வரிசையில் அமர்வார். கையில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். பாடுவோர் பெயர், பண், தாளம், பாட்டின் மொழி, அரங்கில் அப்பாட்டுப் பெற்ற இடம் ஆகிய ஐந்தையும் ஒவ்வோர் உருப்படிக்கும் அதிற் குறித்துக்கொள்வார்.

இவர் ஒருவரே அல்லர். இவர் போன்ற இளைஞரும் இளம்பெண்டிரும் ஊர்தோறும் உளர். அவர்கள் நெஞ்சில் இரண்டு பற்றுகள் உள்ளன. ஒன்று மொழிமேல், ஒன்று இசைமேல். இவ்விரண்டையும் பிணைக்கும் வழியை அவர்க்குக் காட்டாவிடின், இரண்டில் ஒன்று அறுந்துபோகும். அறுந்தது எதுவாயினும் இழப்புத் தமிழுக்கே.

விடியலிற் முதலிடம்; மாலையிற் கடையிடம்

அவர் குறிப்பேட்டின் முதற்பக்கத்தைப் பார்ப்போம். மார்கழி விடியலில் ஊர்தோறும் கோயில்களில் ஆண்டாளின் திருப்பாவை முப்பதும் மாணிக்கவாசகரின் திருவெம்பாவை இருபதும் ஒலிக்கின்றன. கடல்கடந்த தாய்லாந்து நாட்டின் அரண்மனைச் சடங்கிலுங்கூட அப்பாடல்களின் எச்சம் இன்றும் வழங்குகின்றது. ஆகவே மார்கழியின் விடியற்குரல் தமிழ்க்குரலே. அதே நாள் மாலையில் அரங்குகளில் விளக்கேற்றி இசை தொடங்கும்போது தமிழ் எங்கே நிற்கின்றது?

இன்றுள்ள இசையரங்கின் அமைப்பை வகுத்தவர் அரியக்குடி இராமானுச ஐயங்கார் (1890-1967) என்பர். தொடக்கத்தில் வண்ணம், பின்னர் விரைநடைப் பாட்டுகள் சில, நடுவில் முதன்மை உருப்படி. அம்முதன்மை உருப்படிக்கே நெடிய ஆளத்தியும், நிரவலும், கற்பனைச் சுரங்களும், இறுதியில் மத்தளத்தின் தனிமுழக்கமும் உண்டு. பாடுவோர் தம் புலமையையெல்லாம் கொட்டும் இடம் அஃதே. அது முடிந்த பின்னர்ச் சில சிறு பாட்டுகள் வரும். அச்சிறு பாட்டுக்கு அரங்குகளில் வழங்கும் பெயர் ‘துக்கடா’. துண்டு என்னும் பொருளதாகிய வடபுலச் சொல் அது.

இளைஞரின் ஏட்டிலே பக்கத்துக்குப் பக்கம் முதன்மை உருப்படியின் நேரே தெலுங்கு என்றோ சமற்கிருதம் என்றோ எழுதப்பட்டுள்ளது. தமிழ் என்னும் சொல் பெரும்பாலும் பக்கத்தின் அடியில், தனிமுழக்கத்துக்குப் பின்னர் வருகின்றது. அவ்வேளையில் அவையோர் பலர் எழுந்து சிற்றுண்டிச் சாலையை நோக்கி நடக்கின்றனர். தமிழ்நாட்டின் தலைநகரில், தமிழர் நிறைந்த அவையில், தமிழ்ப்பாட்டு எழுந்துபோவோரின் முதுகைப் பார்த்துப் பாடப்படுகின்றது. இஃது எவரையும் இழித்துரைக்கச் சொல்வதன்று. கண்டதைக் கண்டவாறு எழுதிய கணக்கு.

கணக்கு நேர்மையாக இருத்தல் வேண்டும். ஆகவே வரவையும் அவர் மறைக்கவில்லை. தமிழ்ப்பாட்டையே முதன்மை உருப்படியாகக் கொண்டு ஆளத்தியும் நிரவலும் செய்யும் இளங்கலைஞர் சிலரை அவர் கேட்டார். முழு அரங்கையும் தமிழிலேயே அமைத்தோரும் உளர். அவ்வரங்குகளில் ஒருவரும் எழுந்துபோகவில்லை என்பதையும் ஏட்டின் ஓரத்தில் எழுதி வைத்துள்ளார். சென்னை இராசா அண்ணாமலை மன்றத்தில் தமிழிசைச் சங்கம் நடத்தும் ஆண்டிறுதி விழாவுக்கும் அவர் செல்கின்றார். 2017ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு, இசையின் பொருட்டுச் சென்னையைத் தன் படைப்பாக்க நகரங்களின் வரிசையிற் சேர்த்ததையும் அவர் அறிவார். அப்பெருமைக்குரிய நகரின் இசையில் அந்நகர மக்களின் மொழிக்கு உரிய இடம் எது என்பதே அவர் வினா.

இசைக்கு மொழி இல்லையா?

இவ்வினாவை எழுப்பும்போதெல்லாம் அவர் கேட்கும் விடை ஒன்றுண்டு. ‘இசைக்கு மொழி இல்லை’ என்பதே அவ்விடை. இதனை எடுத்தெறியாமல் ஆராய்தல் வேண்டும்.

2025 மார்ச்சு 8ஆம் நாள் இலண்டன் மாநகரில், தேனி மாவட்டப் பண்ணைப்புரத்திற் பிறந்த இளையராசா, மேலையிசை முறையில் தாம் இயற்றிய ‘வேலியண்ட்’ என்னும் பல்லியக் கோவையை அரங்கேற்றினார். இளைஞரின் ஆண்டுக் கணக்கில் அது பெருமகிழ்வான வரவு. அதிலே சொல் இல்லை. கருவிகளின் ஒலியே உண்டு. அவ்வாறே குழலுக்கும் யாழுக்கும் நாகசுரத்துக்கும் மொழி இல்லை. அங்கு ‘இசைக்கு மொழியில்லை’ என்பது பொருந்தும். ஆயின் வாய்திறந்து சொல்லெடுத்துப் பாடுமிடத்து அது பொருந்துமாறு யாங்ஙனம்? பாட்டென்பது பண்ணும் சொல்லும் கூடியது. சொல் வேண்டாவெனின் ஆளத்தியோடு நிறுத்திக்கொள்ளலாமே! சொல் வேண்டுமெனின் அது கேட்போர்க்கு விளங்கும் சொல்லாக இருத்தலன்றோ முறை?

நிரவலை எடுத்துக்கொள்வோம். பாட்டின் ஓரடியைப் பிரித்தெடுத்து, அதன் சொற்களைத் தாளத்தின் மேல் வெவ்வேறு வகையாகப் பரப்பி, மீண்டும் மீண்டும் பாடுவது நிரவல். ஒரே அடி தாழ்ந்த குரலில் வேண்டுதலாகவும், உச்சக்குரலிற் கதறலாகவும், விரைநடையிற் களிப்பாகவும் மாறும். பொருள் தெரிந்தோர்க்கு அது பொருளின் விரிவு. பொருள் தெரியாதோர்க்கோ சந்தத்தின் விரிவு மட்டுமே. பாடுவோர்க்கே பொருள் தெரியாவிடின் சொல் பிளக்கத்தகாத இடத்திற் பிளக்கும். ஒரு சொல்லின் கடையெழுத்து அடுத்த சொல்லின் தலையில் ஒட்டும். தெலுங்கறிந்தோர் இக்குறையைத் தெலுங்குப் பாட்டுகளிற் கண்டு வருந்துகின்றனர். தமிழ்ப்பாட்டிலும் ழகரத்தை ளகரமாக்கிப் பாடுவோரைக் கேட்டு அவ்விளைஞர் தம் ஏட்டிற் சிவப்புக் கோடிட்டிருக்கின்றார். ஆகவே மொழி இசைக்குப் புறத்தே ஒட்டிய பூச்சன்று. இசையினுள்ளேயே இயங்கும் உறுப்பு.

திரைப்பாட்டிலோ நிலை வேறு. அங்கு மொழி தமிழெனச் சொல்லப்படுகின்றது. ஆயின் எடுப்பே ஆங்கிலத் தொடராக அமைந்த பாட்டுகள் ஆண்டுதோறும் பெருகுகின்றன. அரங்கிலே தமிழ் கடைசியில் நிற்கின்றது. திரையிலே தமிழ் கலப்புற்று நிற்கின்றது. இளைஞர் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றார்.

கண்ணீரின் வினா

இனி, அவ்வேட்டில் அவர் எவர்க்கும் காட்டாத பக்கம் ஒன்றுண்டு. இம்மார்கழியில் ஒருநாள் தியாகராசரின் தெலுங்குப் பாட்டொன்றைத் தோடியில் ஒருவர் பாடக் கேட்டார். கண்கள் நீர் சொரிந்தன. அரங்கை விட்டு வெளியே வந்த பின்னரும் அவ்விசை அவரை விடவில்லை. மறுநாள் இயக்க நண்பர்களிடம் அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் அடங்கினார். ‘தெலுங்குப் பாட்டுக்கு அழுத நீ என்ன தமிழன்?’ என்று கேட்பரோ என்னும் அச்சமே அவரை அடக்கிற்று.

தோழர்களே! இவ்விடத்தில்தான் நம்மவர் விழிப்பாக இருத்தல் வேண்டும். அக்கண்ணீரைப் பழித்தால் அவ்விளைஞர் இசையை விடமாட்டார். நம்மை விட்டுப் போவார். பழித்தற்கு அதில் ஒன்றும் இல்லை.

முதலாவது, தியாகராசர் (1767-1847) திருவாரூரிற் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்தவர். அவர்தம் தாய்மொழி தெலுங்கு. அவர் தம் தாய்மொழியில் உள்ளமுருகப் பாடினார். அது குற்றமன்று, அதுவே தமிழர் கற்கவேண்டிய பாடம். தாய்மொழியிற் பாடினமையாலன்றோ அவர் பாட்டில் அத்துணை உயிர் ஓடுகின்றது! தெலுங்கரை வெறுத்தல் தமிழ்ப்பற்று ஆகாது. தமிழன் தமிழிற் பாடாமையே வருந்தற்குரியது.

இரண்டாவது, அக்கண்ணீரை வரவழைத்த பண் எது? தோடி என இன்று வழங்கும் பண், பழந்தமிழிசையில் விளரிப்பாலை எனப்பட்டது என்பது ஆராய்ந்தோர் பலர் முடிபு. அவ்வாறே அரிகாம்போதி செம்பாலை, சங்கராபரணம் அரும்பாலை, கல்யாணி மேற்செம்பாலை என்பர். தோடியைக் கேட்டு அவர் கலங்கியது அயலார் வீட்டு வாயிலில் நின்றன்று. தம் பாட்டன் வீட்டை வேறு பெயர்ப்பலகையோடு கண்டு, அடையாளம் தெரியாமலே கலங்கினார். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898-1956) நாகசுரத்தில் வாசித்த தோடிக்குத் தமிழகமே மயங்கிற்று. அதிற் சொல் ஏது? மொழி ஏது? அக்குழலிற் பேசியது இம்மண்ணின் பண்.

ஆதலின் அவ்விளைஞர்க்குச் சொல்லவேண்டுவது, ‘அழாதே’ என்பதன்று. ‘நீ அழுததன் பெயர் விளரிப்பாலை, அதனைத் தெரிந்துகொள்’ என்பதே.

வேரும் வெட்டும்

அத்தெளிவுக்கு வரலாறு வேண்டும். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைக்கும் தமிழிற் பெயர் உண்டு. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி எழுவர் மங்கையர்க்கு இவ்வேழு பெயரையும் இட்டு வட்டமாக நிறுத்திக் குரவையாடச் செய்கின்றாள். இடைச்சேரிப் பெண்டிரின் ஆடலிலேயே இசைநூல் இலக்கணம் கலந்திருந்தது என்றால், இசை அன்று மக்கள் அனைவரின் உடைமையாக இருந்தது என்பது விளங்கும். பரிபாடல்களுக்குப் பண் வகுத்தோரின் பெயர்கள் பாட்டின் கீழேயே காக்கப்பட்டுள்ளன. எழுபது பரிபாடலில் நமக்கு முழுமையாய்க் கிடைத்தவை இருபத்திரண்டே. பெருநாரை, பெருங்குருகு முதலிய இசைநூல்களோ பெயரளவில் எஞ்சின.

தேவாரப் பண்கள் மறைந்த நிலையில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரைக் கொண்டே அவை மீட்கப்பட்டன எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலிற் பதிகம் பாட நாற்பத்தெண்மரையும், அவர்க்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் முழக்க இருவரையும் அமர்த்தி, நாள்தோறும் நெல் அளக்க ஏற்பாடு செய்ததைக் கல்வெட்டுக் காட்டுகின்றது. இசைக்குப் பாராட்டு மட்டும் போதாது; சோறும் வேண்டும் என அறிந்த அரசு அது.

தஞ்சையிற் பதினாறாம் நூற்றாண்டில் நாயக்கராட்சி வந்தது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மராட்டியராட்சி வந்தது. அரண்மனையின் மொழி மாறிற்று. அரண்மனையைச் சார்ந்த இசையின் மொழியும் மாறிற்று. அவ்விருளிலும் சீகாழி முத்துத்தாண்டவரும், இராமநாடகம் இயற்றிய அருணாசலக் கவிராயரும் (1711-1779), தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளையும் தமிழில் இசைப்பாட்டுகள் இயற்றினர். எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்னும் அமைப்பிலே தியாகராசர்க்கு முன்னரே தமிழில் உருப்படிகள் இருந்தன என்பதற்கு இவர்களே சான்று. ஆயின் அவர்தம் பாட்டுகள் பலவற்றின் பழைய மெட்டுகள் மறைந்தன; இன்று பாடப்படுபவை பெரும்பாலும் பிற்காலத்தார் அமைத்த மெட்டுகள். தெலுங்குப் பாட்டுக்கு மாணவர் வரிசை அமைந்தது, மெட்டுக் காக்கப்பட்டது. தமிழ்ப்பாட்டுக்கு அவ்வரிசை அமையவில்லை. பாட்டு ஏட்டிற் கிடந்தது. மெட்டுக் காற்றிற் கலந்தது.

மீட்டோர்

இழந்ததை மீட்க முனைந்தோரையும் இளைஞர் தம் ஏட்டிற் குறித்தல் வேண்டும். தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையிற் பிறந்து தஞ்சையில் மருத்துவராக விளங்கிய ஆபிரகாம் பண்டிதர் (1859-1919), தம் பொருளைச் செலவிட்டு 1912இல் தஞ்சையில் இசைச் சங்கம் கண்டார், மாநாடுகள் கூட்டினார், 1916இற் பரோடாவில் நடந்த இசை மாநாட்டிற்குச் சென்று தம் ஆராய்ச்சியை எடுத்துரைத்தார். அவர் மகளிர் அங்கு இசைத்துக் காட்டினர். 1917இற் ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. நூலின் பெயர் வடசொல்லாயினும் அதன் உள்ளீடு தமிழிசை. ஈழத்துக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து ‘யாழ் நூல்’ ஆக்கினார். 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அஃது அரங்கேறிற்று. அவ்வாண்டிலேயே அடிகள் மறைந்தார். ஒருவர் கிறித்தவர், ஒருவர் துறவியார். ஒருவர் தென்பாண்டிச் சீமையினர், ஒருவர் ஈழத்தினர். தமிழிசை ஒரு சமயத்தார்க்கோ ஒரு நாட்டினர்க்கோ உரியதன்று என்பதற்கு இவ்விருவர் வாழ்வே போதும்.

1929இற் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி கண்ட அண்ணாமலை அரசர், 1941 ஆகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாட்டைக் கூட்டினார். அரங்குகளில் தமிழ்ப்பாட்டு மிகுதல் வேண்டும் என அங்கு முடிவு செய்யப்பட்டது. அவ்வாண்டிறுதியில் சென்னை மியூசிக் அகாதமி, மொழி பற்றிய எண்ணத்தால் இசைத்தரம் குறைதல் ஆகாது என்னும் கருத்துப்படத் தீர்மானம் இயற்றிற்று. தமிழிற் பாடினால் தரம் குறையும் என்னும் ஐயமே அதனுள் இருந்தது. அவ்வையத்தைப் பாடியே போக்கியவர் பலர். தண்டபாணி தேசிகரும் எம்.எசு. சுப்புலட்சுமியும் கே.பி. சுந்தராம்பாளும் தமிழிற் பாடியபோது எத்தரம் குறைந்தது? 1943இற் சென்னையிற் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. 1949 முதல் அது பண்ணாராய்ச்சி நடத்தலாயிற்று.

நம் பக்கத்துக் குறை

இதுகாறும் சொன்னவை கைதட்டி மகிழ்தற்கு உரியவை. இனிச் சொல்வது கைதட்டற்கு உரியதன்று, எண்ணுதற்கு உரியது.

இளைஞரின் ஏட்டில் ஒரு பக்கம் ஏறத்தாழ வெறுமையாக உள்ளது. ஓதுவார் ஒருவர் தேவாரப் பண்களை முறையாகப் பாடிய மாலை அது. பாடியவர்க்குக் கருவிக்குழுவும் இல்லை, விளம்பரமும் இல்லை. மேகராகக்குறிஞ்சியைப் பாடி, அதுவே இன்றைய நீலாம்பரி என்றார். செந்துருத்தியைப் பாடி, அதுவே இன்றைய மத்தியமாவதி என்றார். கேட்க வந்தோரை விரல்விட்டு எண்ணலாம். தமிழிசை புறக்கணிக்கப்படுகின்றது என்று மேடையில் முழங்குவோருள் ஒருவரையும் ஆங்கு அவ்விளைஞர் காணவில்லை. ‘அவை எங்கே?’ என்னும் இரண்டு சொற்களை மட்டும் அப்பக்கத்தில் எழுதி மூடிவிட்டார்.

அவ்விரண்டு சொல்லுக்கு நாம் விடை சொல்லக் கடமைப்பட்டோம். மன்றத்தார் தமிழுக்கு இடம் தரவில்லை என்பது மெய். தமிழ் ஒலித்த இடத்தில் நாம் இருந்தோமில்லை என்பதும் மெய். கோயில், சமயம் என்று ஒதுங்குவோர் உளர். இறைநம்பிக்கை இல்லாதார்க்கும் அப்பண்கள் உரியவையே. ஓதுவார் தொண்டையிலேதான் ஆயிரத்து முந்நூறாண்டுத் தமிழ்ப்பண் வாழ்கின்றது. கல்வெட்டைப் படிக்கப் பகுத்தறிவாளர் கோயிலுக்குச் செல்வதில்லையா? பண்ணைக் கேட்கவும் செல்லலாம். 2021இல் சென்னையையடுத்த மாடம்பாக்கத்துக் கோயிலிற் பெண்ணொருவர் ஓதுவாராக அமர்த்தப்பட்டார். பண்ணை மீட்டுத் தந்த மரபிற் பெண்ணுக்கு இடமுண்டு என்பதை மீண்டும் நாட்டிய நிகழ்ச்சி அது. அதனை நம் இதழ்களும் மேடைகளும் எத்துணைப் பேசின?

கருவி செய்வோர் நிலையும் அவ்வாறே. கும்பகோணத்தையடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சாமரத்திற் கடையப்படும் நாகசுரத்துக்கு 2022இற் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் முதிர்ந்த மரத்தைத் தேடியெடுத்து அதனைக் கடைகின்றனர். குறியீடு பெருமை தரும், சோறு தராது. திருமணத்துக்குத் திரைப்பாட்டு ஒலிபெருக்கியை வைத்துவிட்டு நாகசுரம் மறைகின்றதே என்று புலம்புவதிற் பயன் என்ன?

வருமாண்டு வேண்டுவன

அவ்விளைஞர் தம் ஏட்டின் கடைசிப் பக்கத்தில் தை முதல் நாளுக்கென எழுதத்தக்கவை சில. அவை அவர்க்கு மட்டுமல்ல. நம் அனைவர்க்கும் உரியவை.

ஒன்று: ஏழிசையின் தமிழ்ப் பெயரை மனப்பாடம் செய்தல் எளிது, அதனோடு நில்லாமல் ஒரு பண்ணையேனும் காதால் அறிதல் வேண்டும். திங்களுக்கு ஒரு பண் எனக் கொண்டாலும் ஆண்டுக்குப் பன்னிரண்டு ஆகும். தேவாரத்தில் வழங்கும் பண்களிற் பாதிக்கு மேல் ஓராண்டிலேயே அறிமுகமாகும்.

இரண்டு: தமிழ் பாடப்படும் அரங்கிற் கடைசிவரை அமர்ந்திருத்தல் வேண்டும். தமிழ்ப்பாட்டைப் பாடி முடித்த கலைஞரை மேடையின் ஓரத்திற் சந்தித்து, ‘இதனையே அடுத்த ஆண்டு முதன்மை உருப்படியாகப் பாடுங்கள்’ என்று பணிவோடு கேட்டல் வேண்டும். ஒருவர் கேட்டாற் புன்னகைப்பர். பதின்மர் கேட்டாற் பயிற்சி செய்வர். மன்றத்தார்க்கு மடல் எழுதுவோரும், கட்டணமுள்ள தமிழரங்குக்குச் சீட்டு வாங்கியபின் எழுதுதல் வேண்டும். சீட்டு வாங்காதவன் மடலுக்கு வலிமை இல்லை.

மூன்று: இசை சென்னையின் ஒருமாத விழாவாகச் சுருங்குதல் தகாது. மாவட்ட அரசிசைப் பள்ளிகளிற் பயின்று வெளிவரும் இளையோர் பாட மேடையின்றித் திகைக்கின்றனர். நம் மன்றங்கள் ஆண்டுவிழாவுக்கு மூவர் பேச்சாளரை அழைத்தால், ஒருவர்க்கு உரிய நேரத்தை ஓர் இளம்பாடகர்க்கு அளித்தல் கூடும். இல்லத் திருமணத்தில் நாகசுரமும் தவிலும் ஒலித்தல் வேண்டும். வந்தோர் அவற்றைக் கேட்க அமைதியும் வேண்டும்.

நான்கு: புதிய பாட்டு வேண்டும். பழம்பாட்டு நம் வேர். வேர் மட்டும் மரமாகாது. பாவேந்தர் ‘இசையமுது’ தந்தார். அவ்வழியில் இற்றைப் பாவலர், உழைப்பையும் காதலையும் அறிவியலையும் மண்ணையும் நீரையும் பாடுபொருளாக்கி, எடுப்பும் தொடுப்பும் முடிப்புமாக எழுதுதல் வேண்டும். எழுதிய பாட்டைத் தாளில் விடாது, பண்ணறிந்தாரிடம் கொடுத்து மெட்டமைத்து, அம்மெட்டைக் குரலொடு பதிவுசெய்து வைத்தல் வேண்டும். முத்துத்தாண்டவர் மெட்டுக்கு நேர்ந்தது இனியொரு தமிழ்ப்பாட்டுக்கு நேர்தல் ஆகாது. அன்று கருவி இல்லை. இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் பதிவுக்கருவி உள்ளது. இனியும் மெட்டு மறையுமாயின், அதற்கு நாயக்கரையும் மராட்டியரையும் குறைசொல்ல இயலாது.

ஐந்து: இதுவே தலையாயது. இசைவிரும்பும் இளையோரை நம் அவைகளில் அஞ்சாது பேசவிடல் வேண்டும். தெலுங்குப் பாட்டை விரும்பிக் கேட்டேன் என்று ஓர் இளைஞர் சொல்வாராயின், அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் கூடாது. ‘எந்தப் பண்ணில் கேட்டாய்? அப்பண்ணில் தமிழ்ப்பாட்டு எது? வா, கேட்போம்’ என்று கையைப் பிடித்து அழைத்துச் செல்லுதல் வேண்டும். பழிப்பு ஒருவரை வாய்மூடச் செய்யும். பாட்டே அவரை வாய்திறக்கச் செய்யும்.

அவையோரே! இசை என்னும் சொல்லைப் பாருங்கள். இசைதல் என்றால் பொருந்துதல். இசை என்றால் புகழ். மொழிப்பற்றும் இசைப்பற்றும் ஓர் இளநெஞ்சிற் பொருந்துமாயின், அதுவே தமிழுக்குப் புகழ். போகியன்று பழையன கழிக்கும்போது அவ்விளைஞரின் குறிப்பேட்டை எரித்துவிடலாகாது. அதன் மறைத்த பக்கத்தை அவர் நம் முன்னே திறந்து படிக்கும் துணிவைத் தருவது நம் கடன். அடுத்த மார்கழியில் ஓதுவாரின் அரங்கில் அவர் மீண்டும் ஏட்டைத் திறப்பார். ‘அவை எங்கே?’ என்னும் வினாவுக்குக் கீழே அன்று அவர் எதனை எழுதுவார் என்பது, இம்மன்றத்தில் இன்று அமர்ந்திருப்போர் அன்று எங்கு அமர்ந்திருப்பர் என்பதைப் பொறுத்தது.

தைம்மகள் வருக! தமிழ்ப்பண் எழுக! வெல்க தமிழ்! வாழ்க தமிழிசை!